குரலும் மொழியும்: ஃபெல்லினியின் திரைப்படங்களில் பொதுமொழியும் வட்டாரமொழியும்

இத்தாலியத் திரைப்பட இயக்குநர் ஃபெதெரிக்கோ ஃபெல்லினி (1920–1993) பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அவருடைய காட்சிக் கற்பனையைப் பற்றியதாகும். கனவு, சர்க்கஸ், ஊர்வலம், கடற்கரை ஆகியன குறித்த விளக்கங்களுக்குக் குறைவில்லை. அவருடைய படங்களில் மாந்தர் எம்மொழியில் பேசுகின்றனர், எவருடைய குரலில் பேசுகின்றனர் என்னும் வினா அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வினாவே முதன்மையானது. திரையில் தோன்றும் உடலும் காதில் விழும் குரலும் அப்படங்களில் பல நேரங்களில் ஒருவருக்குரியன அல்ல. நாம் கேட்கும் உரையாடல் படப்பிடிப்பின்போது பேசப்பட்டதும் அன்று. எனவே, 'மூலம்' என்று எதனைக் கொள்வது என்பதே இங்குச் சிக்கலாகிறது.

இந்நிலையை ஓர் இயக்குநரின் தனிப் போக்காக மட்டும் விளக்கிவிட இயலாது. அதன் பின்னே இத்தாலிய மொழியின் நெடிய வரலாறு உள்ளது. 1861-இல் இத்தாலி ஒரே அரசாக இணைந்தபோது, இத்தாலிய மொழியைப் பேசக்கூடியவர் மக்கள்தொகையில் நூற்றுக்கு 2.5 பேரே எனத் துல்லியோ தெ மௌரோ 1963-இல் வெளியிட்ட 'ஒன்றுபட்ட இத்தாலியின் மொழி வரலாறு' என்னும் நூலில் கணக்கிட்டார். தஸ்கனி மக்களின் பேச்சு பொதுமொழிக்கு மிக அண்மையது என்பதைக் கருத்திற்கொண்டு அரிகோ காஸ்தெல்லானி 1982-இல் இவ்வெண்ணைப் பத்துக்கு அருகே உயர்த்தினார். இரண்டில் எதனை ஏற்பினும், நாட்டின் பொதுமொழி பெரும்பாலோர்க்கு ஏட்டுமொழியாகவே இருந்தது என்பதில் ஐயமில்லை.

இவ்விடத்தில் கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு தேவைப்படுகிறது. கொங்குத் தமிழ், நெல்லைத் தமிழ் என்பனவற்றை மனத்திற்கொண்டு 'வட்டார வழக்கு' என்னும் சொல்லை இத்தாலிய நிலைமைக்குப் பொருத்துதல் பொருந்தாது. சிசிலியம், நேப்பிள்ஸ் மொழி, வெனிசியம், ரொமாஞ்ஞோல் ஆகியவை பொது இத்தாலியத்திலிருந்து கிளைத்தவை அல்ல. அதனைப் போலவே இலத்தீனிலிருந்து தனித்தனியே வளர்ந்த உடன்பிறப்பு மொழிகள். ஆதலின் இக்கட்டுரையில் அவை வட்டாரமொழிகள் எனப்படுகின்றன.

தடையில் பிறந்த நுட்பம்

இத்தாலியின் முதல் பேசும்படமான 'காதலின் பாடல்' 1930-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் முசோலினியின் அரசு, அயல்மொழிப் பேச்சு இடம்பெறும் படங்களைத் திரையிட அனுமதி மறுத்தது. இதனால் விந்தையான ஒரு நிலை ஏற்பட்டது. பேசும்படங்களாக எடுக்கப்பட்ட அமெரிக்கப் படங்கள் பேச்சு நீக்கப்பட்டு, இடையிடையே எழுத்து அட்டைகள் செருகப்பட்டு, மீண்டும் ஊமைப்படங்களாகத் திரைக்கு வந்தன. எழுத்தறிவு குறைந்த நாட்டில் இது நெடுநாள் நிலைக்க இயலவில்லை. அயற்படங்களுக்கு இத்தாலியக் குரல் சேர்க்கும் முறை வேரூன்றியது. 1933-இல் பிறந்த ஆணையொன்று அக்குரல் சேர்ப்பும் இத்தாலிய மண்ணிலேயே நடைபெறவேண்டும் என்றது. அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியரைக் கொண்டு அங்கேயே பேசவைத்த படங்களில் ஒலித்த கலப்பு உச்சரிப்பு பார்வையாளரின் நகைப்புக்கு இடமானதும் இதற்கு ஒரு காரணம்.

இவ்வாறு உருவான குரல்மொழி எவ்வூருக்கும் உரியதன்று. அது வட்டாரச் சாயல் முற்றிலும் களையப்பட்ட, பயிற்சி பெற்ற மேடை நடிகரின் தூய ஒலிப்பு. பிற்கால இத்தாலிய மொழியியலார் இதற்குத் 'தொப்பியாஜ்ஜேசே', அதாவது 'டப்பிங்மொழி', எனத் தனிப்பெயரே இட்டனர். அரசின் மொழிக்கொள்கை வட்டாரமொழிகளையும் அயற்சொற்களையும் ஒருசேர ஒதுக்க முனைந்த காலம் அது. 1938-இல் மரியாதைப் பதிலியும் இக்கொள்கைக்குள் அடங்கியது: 'லேயி' என்னும் வடிவத்தை விலக்கி 'வோயி' என்பதை வழங்குமாறு அரசு பணித்தது. நீ, நீங்கள், தாங்கள் என்னும் வேறுபாட்டோடு வாழும் தமிழர்க்கு, இத்தகைய ஆணை அன்றாடப் பேச்சுக்குள் எத்துணை ஆழமாகக் கை நுழைக்கிறது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

ஃபெல்லினி வளர்ந்தது இக்காலத்தில்தான். அத்ரியாத்திக் கடலோர நகரமான ரிமினியின் ஃபுல்கோர் திரையரங்கில் அமெரிக்கப் படங்களைப் பார்த்த தலைமுறை அவருடையது. திரையில் கேரி கூப்பர் குற்றமற்ற இத்தாலியம் பேசினார். அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் தங்களுக்குள் ரொமாஞ்ஞோல் பேசினர். நாட்டின் பொதுமொழி சிற்றூர் மக்களின் செவிக்கு அமெரிக்க நடிகரின் உதடுகள் வழியே வந்து சேர்ந்தது என்னும் முரண், பின்னர் வந்த இத்தாலியத் திரைப்படக் கலை முழுவதற்கும் அடித்தளமாக அமைந்தது எனலாம்.

போருக்குப் பின்

1945-க்குப் பின் எழுந்த புதுநடப்பியல் இயக்கம் வட்டாரமொழிகளைத் திரைக்குக் கொணர்ந்தது. இயக்கத்தின் இரண்டு படங்கள் இரு வேறு தீர்வுகளைக் காட்டுகின்றன.

ரொபெர்த்தோ ரோசெல்லினியின் 'பைசா' (1946) சிசிலியில் தொடங்கிப் போ ஆற்றின் கழிமுகத்தில் முடியும் ஆறு பகுதிகளைக் கொண்டது. தலைப்பே தென்னித்தாலிய விளிச்சொல். 'நம்மூர்க்காரரே' என்பதற்கு ஏறத்தாழ இணையானது. முதற்பகுதியில் ஒரு சிசிலியப் பெண்ணும் அமெரிக்கப் படைவீரன் ஒருவனும் இரவில் தனித்திருக்கின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. கைச்சாடையாலும் ஓரிரு பொருட்பெயர்களாலும் அவர்கள் உரையாட முயலும் காட்சி, மொழித்தொடர்பு பற்றிய பாடநூல் எதிலும் சேர்க்கத்தக்கது. மொழிகள் மோதும் இடமே படத்தின் பொருளாகிறது. இப்படத்தின் திரைக்கதையில் பங்குகொண்டு, உதவி இயக்குநராகவும் பணியாற்றியவர் ஃபெல்லினி என்பது மனங்கொள்ளத்தக்கது.

லூக்கினோ விஸ்கோந்தியின் 'நிலம் நடுங்குகிறது' (1948) இதனினும் கடுமையான வழியைத் தேர்ந்தது. ஜொவான்னி வெர்காவின் 'மலவோல்யா குடும்பத்தார்' (1881) என்னும் புதினத்தைத் தழுவிய இப்படம், கதை நிகழும் ஆச்சி திரெட்சா என்னும் மீனவர் சிற்றூரிலேயே, அவ்வூர் மக்களையே நடிகராகக் கொண்டு, அவர்தம் சிசிலியப் பேச்சிலேயே எடுக்கப்பட்டது. சிசிலியில் ஏழைகளின் மொழி இத்தாலியம் அன்று என்னும் கருத்தை முன்னுரை எழுத்துகள் அறிவித்தன. வெர்கா தம் புதினத்தை இத்தாலியத்தில் எழுதி, தொடரமைப்பில் மட்டும் சிசிலியத்தை ஒலிக்கச் செய்தவர். விஸ்கோந்தியோ எழுத்தாளர் விட்டுவைத்த அந்த மறைப்பையும் நீக்கினார். விளைவு எதிர்பார்த்ததே. பிற பகுதி மக்களுக்குப் படம் விளங்கவில்லை. பொது இத்தாலியத்தில் ஒரு விளக்கவுரைக் குரல் சேர்க்கப்பட்டது; பின்னர் குறுக்கப்பட்டு இத்தாலியக் குரல் சேர்த்த வடிவமும் வெளிவந்தது. தம் நாட்டுக்குள்ளேயே மொழிபெயர்ப்பு வேண்டிநின்ற படம் இது.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் பெர்காமோ உழவர்களின் பேச்சில் எர்மான்னோ ஓல்மி எடுத்து, 1978-இல் கான் விழாவில் முதற்பரிசு பெற்ற 'மரச்செருப்பு மரம்' விஸ்கோந்தியின் வழியில் வந்ததே.

எண்களைச் சொன்ன நடிகர்கள்

ஃபெல்லினி இவ்வழிகளில் செல்லவில்லை. பேச்சைக் களத்திலேயே பதிவுசெய்வதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை. படப்பிடிப்பு நடக்கும்போதே நடிகர்களை நோக்கி உரக்கப் பேசிக்கொண்டே இயக்குவது அவர் வழக்கம். முகத்துக்காகத் தெரிவுசெய்யப்பட்டவர்கள் பலர் தொழில்முறை நடிகர் அல்லர். அத்தகையோரை உரையாடலுக்குப் பதிலாக ஒன்று, இரண்டு, மூன்று என எண்களைச் சொல்லுமாறு அவர் பணித்ததுண்டு. சொற்கள் பிற்பாடு ஒலிப்பதிவுக் கூடத்தில் எழுதப்பட்டன அல்லது மாற்றி எழுதப்பட்டன. உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே தெளிவாகத் தெரியும் விலகலை அவர் குறையாகக் கருதவில்லை.

1954-இல் வெளிவந்த 'லா ஸ்த்ராதா' படத்தில் சம்பனோவாக நடித்தவர் அமெரிக்கரான அந்தோனி குவின். இத்தாலிய வடிவில் நாம் கேட்கும் கரகரத்த குரல் அர்னோல்தோ ஃபோவா என்னும் நடிகருடையது. 'கசனோவா' (1976) படத்தில் டொனால்டு சதர்லாந்தின் உடலில் ஜீஜி புரொயெத்தியின் குரல் வாழ்கிறது. இப்படங்களின் 'மூல' வடிவம் எது? நடிகரின் நாவில் எழுந்த ஆங்கிலமா, பிறர் குரலில் பதிந்த இத்தாலியமா? இலக்கிய மொழிபெயர்ப்பில் மூலநூல் உண்டு என்பதை நாம் ஐயுறுவதில்லை. இங்கோ மூலமே ஒரு குரல்பெயர்ப்பாக நிற்கிறது.

குரலைத் தனிப் பொருளாகக் கையாண்டமை ஃபெல்லினிக்கு ஓர் உரிமையை அளித்தது. 1963-இல் கிளாவுதியா கார்தினாலே இரு பெரும் படங்களில் தோன்றினார். தூனிசில் பிறந்து பிரெஞ்சு பேசி வளர்ந்த அவருடைய குரல் கரகரப்பானது; உச்சரிப்பும் அயன்மை தோன்றுவது. ஆகவே அதுவரை அவருக்குப் பிறரே குரல் கொடுத்தனர். அவ்வாண்டு வெளிவந்த விஸ்கோந்தியின் 'சிறுத்தை' படத்திலும் அவர் பேசுவது மற்றொருவர் குரலில்தான். ஃபெல்லினியின் 'எட்டரை' படத்தில் மட்டும் அவர் தம் சொந்தக் குரலில் பேசுகிறார். சிசிலிய மீனவரின் நாவை மதித்த விஸ்கோந்தி இந்நடிகையின் நாவை மறைத்தார். எவர் குரலையும் மாற்றத் தயங்காத ஃபெல்லினி இவர் குரலைக் காத்தார். 'நடப்பியல்' என்னும் சொல்லைக் கொண்டு இவ்விருவரையும் எளிதாகப் பாகுபடுத்த இயலாமையை இது காட்டுகிறது.

வட்டாரமொழி தேவைப்பட்ட இடங்களில் அவர் உரியவரை நாடினார். 'கபிரியாவின் இரவுகள்' (1957) படத்தில் ரோம் நகரத்து அடித்தளப் பேச்சைச் செப்பனிடப் பியர் பாவ்லோ பாசோலினி துணைநின்றார். 'கசனோவா'வின் தொடக்கத்துக்கு வெனிசியப் பாடற்பகுதியை யாத்தவர் கவிஞர் அந்திரேயா சன்சொத்தோ. 'இசைக்குழு ஒத்திகை' படத்தில் வாத்தியக்காரர் ஒவ்வொருவரும் ஒரு வட்டாரச் சாயலில் பேசிப் பூசலிட, அவர்களை அடக்கும் நடத்துநர் இறுதியில் செருமானியத்தில் முழங்குகிறார். இவை அனைத்தும் களப்பதிவால் கிட்டியவை அல்ல. ஒலிப்பதிவுக் கூடத்தில் இசையைப் போல அடுக்கப்பட்டவை. வட்டாரமொழியையும் அயல்மொழியையும் திரையிலிருந்து துடைத்தெறிய உருவாக்கப்பட்ட கருவியைக் கொண்டே ஃபெல்லினி அவற்றைத் திரும்ப அழைத்துவந்தார் என்பது இவ்வரலாற்றின் மையமான செய்தி.

இம்முறையை எல்லோரும் ஏற்கவில்லை. 1968-இல் அந்தோனியோனி, பெர்த்தோலுச்சி, பாசோலினி உள்ளிட்ட இயக்குநர் பலர் அமால்ஃபியில் கூடிப் பின்குரல் சேர்க்கும் வழக்கத்தைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். நடிகரிடமிருந்து அவர் குரலைப் பறிப்பது என்னும் அவர்தம் வாதம் வலுவுடையதே. ஆயினும், களத்தில் பதிவாகும் பேச்சு தானாகவே உண்மையானதாகிவிடாது என்பதும் எண்ணத்தக்கது.

அமர்கோர்த்

'எட்டரை' படத்தில் 'அசா நிசி மசா' என்றொரு மந்திரத் தொடர் வருகிறது. சிறுவர் மறைபேச்சு அது. 'அனிமா' (ஆன்மா) என்னும் சொல்லின் ஒவ்வோர் அசையையும் அடுத்து, அவ்வசையின் உயிரோடு கூடிய சகரத்தைச் செருகினால் இத்தொடர் கிடைக்கும். தமிழ்ச் சிறுவர் ககரத்தைச் செருகிப் பேசும் 'க' பாசையை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு உடனே விளங்கும். படத்தின் ஆங்கிலத் துணைவரிகளை மட்டும் நம்பியவர்க்கோ அது பொருளற்ற ஒலி.

ஒலியின் இத்தகைய நினைவு 'அமர்கோர்த்' (1973) படத்தில் முழுமை பெறுகிறது. ஃபெல்லினியோடு இதன் திரைக்கதையை எழுதிய தொனீனோ குவெர்ரா, ரிமினிக்கு அருகிலுள்ள சாந்தார்காஞ்ஜெலோ ஊரினர். ரொமாஞ்ஞோல் மொழியில் கவிதை இயற்றியவர். 1930-களின் ரிமினியைப் படம் காட்டுகிறது. ஆயினும் அவ்வூர் ரோமின் சினெசித்தா படப்பிடிப்பு வளாகத்தில் கட்டியெழுப்பப்பட்டது.

இப்படத்தில் மொழிநிலைகள் வெளிப்படையாகவே மோதுகின்றன. ஊர் வழக்குரைஞர் கேமராவை நோக்கி நின்று, ஊரின் தொன்மையைப் பற்றிக் கற்றோர் இத்தாலியத்தில் உரையாற்றுகிறார். இருளில் எங்கிருந்தோ வாயால் எழுப்பப்படும் இழிவோசை அவரை இடைமறிக்கிறது. பள்ளியில் கிரேக்க ஆசிரியர் ஒரு சொல்லின் உச்சரிப்பை நாவின் நிலை உட்பட விளக்கிக் கற்பிக்கிறார். மாணவனின் வாயில் அது அதே இழிவோசையாக முடிகிறது. உயர்ந்த மொழி பேசப்படும் இடமெல்லாம் இவ்வோசை பின்தொடர்வதைத் தற்செயல் என்று தள்ளுவதற்கில்லை. அரசு, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றின் மொழி ஒருபுறம். வீடும் தெருவும் பேசும் மொழி மறுபுறம். இரண்டுக்கும் இடையே ஊரார் தரும் திறனாய்வு அவ்வோசை.

ஊரின் அழகிக்கு வழங்கும் பட்டப்பெயர் 'கிராதீஸ்கா'. இது பெயர்ச்சொல் அன்று; விருந்தினரிடம் ஒன்றை நீட்டி 'ஏற்றருள்க' என வேண்டும் மரியாதை வினை. இளவரசர் ஒருவரிடம் அவள் தன்னையே அளித்துச் சொன்னதாக ஊரார் கூறும் சொல் அவளுக்குப் பெயராகி நிலைத்துவிட்டது. 1938-இல் அரசு விலக்க முனைந்த 'லேயி' பதிலிக்குரிய வினைவடிவமே இது என்பது கூடுதற்சுவை. துணைவரி எழுதுவோர் இதனைச் சிறப்புப்பெயராகக் கொண்டு அப்படியே விட்டுவிடுகின்றனர். வேறு வழி எளிதில் தென்படவில்லை என்பதும் உண்மையே. தமிழில் வியங்கோள் வடிவம் இருத்தலின், ஒருமுறையேனும் இதன் பொருளை உணர்த்த வாய்ப்புண்டு.

மொழிபெயர்ப்பாளர் முன்னுள்ள சிக்கல்

இத்தாலியப் படங்கள் இந்தியாவில் பரவலாக அறிமுகமானது 1952-இல் பம்பாயில் தொடங்கிச் சென்னையிலும் நடைபெற்ற முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவால். பின்னர்த் திரைப்படச் சங்கங்கள் அவற்றைத் தொடர்ந்து காட்டின. நம் பார்வையாளர் அவற்றை ஆங்கிலத் துணைவரிகளின் வழியே படித்தனர். வெளிப்படையான பிழைகள் இவ்வழியில் கண்டறியப்பட்டுத் திருத்தம் பெறுவதுண்டு. வித்தோரியோ டி சிக்காவின் 1948-ஆம் ஆண்டுப் படத்தின் தலைப்பு இத்தாலியத்தில் பன்மை, 'சைக்கிள் திருடர்கள்'. அமெரிக்காவிலும் பிரான்சிலும் அது ஒருமையாக்கப்பட்டது. இறுதியில் தந்தையும் திருடனாக நேரும் கதைக்கு ஒருமை பொருந்தாது என்பதைப் பலரும் சுட்டியுள்ளனர். ஆனால், வட்டாரமொழி அழிந்து எல்லாம் ஒரே சமநிலை ஆங்கிலமாவதை எவரும் பிழையெனக் குறிப்பதில்லை. அது கண்ணுக்குப் புலனாகாத இழப்பு.

தமிழாக்கம் செய்வோர் ரொமாஞ்ஞோலுக்கு ஈடாக ஏதேனும் ஒரு வட்டாரத் தமிழைத் தேர்வது முதலில் தோன்றும் வழி. அவ்வழி ஏற்புடையதன்று. கொங்குத் தமிழ் பேசும் ரிமினி கோவைக்கு அருகே வந்துவிடும். மூலத்தில் இல்லாத ஊர் நையாண்டி உட்புகும். மேலும், மேலே சுட்டியவாறு, உறவின் தன்மையே வேறு. மாறாக, எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் என்னும் இரட்டைவழக்கு தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் ஆயத்தமாக உள்ளது. வழக்குரைஞர் செந்தமிழில் முழங்க, ஊரார் எவ்வட்டாரமும் துலங்காத பேச்சுத்தமிழில் மறுமொழி கூறின், மூலத்தில் உள்ள உயர்வுதாழ்வு ஏறத்தாழ முழுமையாக வந்துசேரும். ஆங்கிலத்துக்கு எளிதில் வாய்க்காத இந்த வசதியை, ஆங்கிலத் துணைவரியிலிருந்து பெயர்ப்போர் பயன்படுத்த இயலாது. எவ்விடத்தில் மொழி மாறுகிறது என்பதே அவ்வரிகளில் பதிவாவதில்லை. ஒலித்தடத்தைக் கேட்டு, மாற்றம் நிகழும் இடங்களைக் குறித்துக்கொண்ட பின்னரே பெயர்ப்பு தொடங்கவேண்டும். இத்தாலியம் அறியாதவரும் பழகிய செவியால் இதில் ஓரளவு வெல்லலாம்.

ஃபெல்லினியின் படங்கள் மொழிக்குத் திருப்பியளித்த சொற்களும் உண்டு. 'லா தோல்ச்சே வீத்தா' (1960) படத்தில் வரும் புகைப்படக்காரன் பாபராட்சோவின் பெயர், புகழ்பெற்றோரைத் துரத்திப் படமெடுப்போருக்கு உலகெங்கும் பொதுப்பெயராயிற்று. அப்பெயரை ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் கிஸ்ஸிங்கின் பயணநூலில் வரும் கலாப்ரிய விடுதிக்காரரிடமிருந்து எடுத்ததாகத் திரைக்கதையாசிரியருள் ஒருவரான என்னியோ ஃபிளையானோ கூறியுள்ளார். 'அமர்கோர்த்' என்பதன் வரலாறு மொழியியலார்க்கு இன்னும் சுவையானது. ரொமாஞ்ஞோலில் அது ஒரு சொல் அன்று, முழுத்தொடர்: 'அ' தன்மை ஒருமை எழுவாய் ஒட்டு, 'ம்' என்பது 'எனக்கு', 'அர்கோர்த்' என்பது 'நினைவுவருகிறது'. பொது இத்தாலியத்தில் இதற்கு இணையான தொடரில் எழுவாய் வேண்டுவதில்லை. அவ்வொட்டே ரொமாஞ்ஞோல் வேறு மொழி என்பதற்குச் சான்று. இன்று இத்தாலியர் பழைய நினைவுகளைக் கிளறும் எந்நிகழ்ச்சியையும் 'ஓர் அமர்கோர்த்' என்கின்றனர். எழுவாய் ஒட்டின் மேல் சுட்டிடைச்சொல் ஏறி அமர்ந்திருப்பதைப் பேசுவோருள் ரொமாஞ்ஞா மக்களைத் தவிர எவரும் உணர்வதில்லை.